வாசல்வரை வந்த வாளை

கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறவர்கள் கையில் இருப்பது ஒரு பத்திரம் மட்டும்தான். தண்ணீருக்குள் நடக்கிற எதுவும் நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

இதை எனக்குச் சொன்னது ஒரு சத்தம். மீன் குஞ்சு விட்டு ஒன்பதாம் நாள், இருட்டி ஒரு மணி நேரம் இருக்கும். என் இரண்டரை வயது மகள் யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கோரை மண்டிக் கிடக்கிற பக்கத்தில் இருந்து, படி படியாக அரிசியை அள்ளித் தண்ணீரில் இறைப்பது போல ஒரு சத்தம். நின்றது. பிறகு ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல நாலைந்து அறை. மறுபடி அரிசி. யாழினி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். நான் கையில் சோற்றோடு கதவைப் பார்த்தேன்.

கரையில் குடும்பம் நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு இது என்னவென்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் திண்டுக்கல் கான்வென்ட்டில் படித்தவள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் மூன்று விதமாக எழுதுவேன். இருட்டில் தனியாக இருக்கச் சொன்னால் ஒரு விதமாகவும் இருக்க மாட்டேன். சாணார்பட்டி தாண்டி உள்ளே இருக்கிற இந்தக் கண்மாய்க் கரையில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறைக்கு நாங்கள் வந்தது இந்த வருஷம்தான். வீட்டுக்காரர் செல்வம் ஒட்டன்சத்திரத்தில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு ராத்திரி அவர் ரோட்டில், நான் கரையில். விட்ட கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் பிழைத்து வளர்ந்தால் அவர் லாரியை விட்டு இறங்கலாம். பிழைக்காவிட்டால் நான் மறுபடி அம்மா வீட்டு மாடி, அவர் மறுபடி வாளையார் செக்போஸ்ட். இவ்வளவுதான் எங்கள் கதை. மீதி எல்லாம் மீன் கதை.

திருடன்

யாரோ வீச்சு வலை போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்று செல்போன் டார்ச்சைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்து, "யாரு அது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். செல்வத்துக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் அவர் போலீசுக்குச் சொல்லு என்றார். ஏழாவது தடவை தூங்கிவிட்டார் போல.

காலையில் பாண்டியம்மா அக்கா வந்தார். பக்கத்து ஊர். கண்மாயில் தானாக விளைகிற ஜிலேபிக் கெண்டையை நாங்கள் விற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் கரையில் மீன் வெட்டிக் கொடுப்பவர். மற்ற நாளில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். கோரைப் பக்கம் நடந்து போய்க் குனிந்து பார்த்தார். சேற்றில் சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளி வெள்ளியாக எங்கள் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பயத்தில் தண்ணீரை விட்டே துள்ளி விழுந்தவை. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. குஞ்சு விடும் முன்னால் மூன்று தடவை இழுவலை போட்டு, குஞ்சைத் தின்கிற கொல்லி மீன்களை எடுத்துவிட வேண்டும். நாங்கள் இரண்டு தடவை இழுத்தோம். மூன்றாவதுக்குள் செல்வத்துக்குக் கொச்சி லோடு வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அதைத்தான் நான் அக்காவிடம் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"திருடன் இல்ல தாயி, வாளை. திருடனா இருந்தா பாதியாச்சும் விட்டுட்டுப் போவான்."

ஃபோகஸ் லைட்

வாளை தெரியாதவர்களுக்காக: செதில் கிடையாது, மீசை உண்டு, வாய் கண்ணுக்குப் பின்னால்வரை கிழிந்திருக்கும். மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தபோது இங்கே வந்து சேர்ந்தவை. பகல் முழுக்க அடியில் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் நாலைந்தாகச் சேர்ந்து, குஞ்சுக் கூட்டத்தை ஆழத்தில் இருந்து கரைக்கு ஒதுக்கிக்கொண்டு வரும். கரையில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே. குஞ்சுகளுக்கு அதற்கு மேல் போக இடம் இல்லை. அப்புறம்தான் அந்த அறை.

திருடன் இல்லை என்று தெரிந்த பிறகும் என் பயம் போகவில்லை. பயத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அது போய்விடும் என்று நினைக்கிறவர்கள் பயந்ததே இல்லாதவர்கள். வெளியே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. செல்வம் ஊருக்கு வந்த அன்றே சாணார்பட்டியில் இருந்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, வாசலுக்கு நேராகக் கம்பம் நட்டு, கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு ஃபோகஸ் லைட்டைத் தண்ணீரைப் பார்க்க மாட்டச் செய்தார். சுவிட்சைப் போட்டதும் கண்மாயில் கால்வாசி பகலாகிவிட்டது. அன்றுதான் நான் இங்கே வந்து முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, உள்ளே விழுந்த வெளிச்சத்தில் மகளைப் போட்டுத் தூங்கினேன். எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்:

"இனிமே கவலைய விடுங்கம்மா, இந்த வெளிச்சத்துல ஒரு கொசு வந்தாக்கூட உங்களுக்குத் தெரியும்."

அலுமினியச் சட்டி

வந்தது கொசு மட்டும் இல்லை. இரண்டாம் நாளே சத்தம் கோரைப் பக்கத்தை விட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு எதிரே வந்தது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் நடப்பதுதான், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். ஏழு மணிக்கு மேல் குஞ்சுகள் தண்ணீர் மட்டத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். மழைத் துளி விழுவது போல நீரெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற கோட்டில் திடீரென்று தண்ணீர் குழிந்து சுழிக்கும். அவ்வளவுதான், ஒரு போர்வையை உதறின மாதிரி மொத்தக் கூட்டமும் கரையைப் பார்த்துப் பறக்கும். பின்னாலேயே கறுத்த முதுகுகள், முக்கால் உடம்பு தண்ணீருக்கு வெளியே தெரிய, சேற்றில் வயிறு தேய, வாயைத் திறந்துகொண்டு வரும். ஐந்து நிமிஷம். அப்புறம் அமைதி. அப்புறம் மறுபடி.

நான் அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கரையில் துள்ளி விழுந்ததை எல்லாம் பொறுக்கிச் சட்டியில் போட்டு, தூரமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவேன். ஒருநாள் நான் பொறுக்கப் போன குஞ்சை எனக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப்பாம்பு எடுத்துக்கொண்டது. சட்டியைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடி வந்து, கட்டிலில் ஏறி நின்று, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போய்ச் சட்டியை எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன், ஆனால் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜிலேபிக் கெண்டை வாங்க நத்தத்தில் இருந்து வருகிற ஒரு அம்மா என் முட்டியில் இருந்த சிராய்ப்பைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மீனுக்கு ராத்திரி ஆயா வேலை பாக்குற ஆள இப்பத்தாம்மா பாக்குறேன்."

வயிற்றுக்குள் இருந்தது

செல்வம் தூண்டில் கயிறு கட்டி வைத்ததில் அவ்வப்போது ஒரு வாளை மாட்டும். மாட்டியதை ஞாயிறு விற்பனையில் வைப்போம். அப்படி வைத்த ஒன்றை, திண்டுக்கல்லில் இருந்து குடும்பத்தோடு காரில் வந்த ஒருவர் எடை போடச் சொன்னார். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பேரம் முடிந்து, பாண்டியம்மா அக்கா அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறினார். உள்ளே இருந்து எங்கள் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. சில அப்படியே முழுசாக, கண் திறந்தபடி இருந்தன. நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.  அக்கா ஒரு கையால் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெட்டத் தொடங்கினார்.

கார்க்காரர் குனிந்து அந்தக் குவியலைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். முகம் அப்படித்தான் இருந்தது.

"இது தின்னதுக்கு நான் காசு குடுக்க முடியாதும்மா, அதக் கழிச்சிட்டுத் திரும்ப ஒரு தடவ எடை போடுங்க."

டின் அடித்த நாள்

அன்று ராத்திரிதான் எனக்குக் கோபம் வந்தது. பயந்தவளுக்குக் கோபம் வந்தால் கணக்கு வழக்கு இருக்காது. மறுநாள் பகலில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு வந்து, குஞ்சுகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று கரை ஓரத் தண்ணீரில் நானும் அக்காவும் வரிசையாகப் போட்டோம். ஒளிந்துகொண்டன. பொழுது இருட்டி லைட்டைப் போட்டதும், ஒளிந்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வந்தன. ஏன் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கல்லெறிந்து பார்த்தேன். கடைசியாக, காலி எண்ணெய் டின் ஒன்றைக் கையில் எடுத்து, கரையோரம் நடந்துகொண்டே கரண்டியால் அடித்தேன். பத்து நிமிஷம் வாளைகள் விலகிப் போயின. அந்தப் பத்து நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கண்மாய்க்குக் கீழே நிலக்கடலை போட்டிருக்கிறவர் மறுநாள் காலையில் வந்தார். கையில் கம்பு, கண்ணில் தூக்கமில்லை. எங்கள் பக்கத்தில் டின் அடித்தால் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். வீட்டில் எல்லாரையும் எழுப்பிக்கொண்டு எங்கள் கரைக்கு அந்தப் பக்கத்து முள்ளுக்குள் தேடியிருக்கிறார். அந்த நேரத்தில் ஆள் இல்லாத அவர் கடலைக் கொல்லையில், நிஜமாகவே பன்றி இறங்கிவிட்டது. நான் எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கண்மாயைப் பார்த்துச் சொன்னார்:

"மீன வெரட்ட டின்னு அடிச்ச மொத ஆளு நீதான் ஆத்தா. மீனு போச்சோ என்னமோ, எங்கொல்லைக்குப் பன்னி வந்து சேந்துருச்சு."

சாதிக் தம்பியின் நன்றி

சாதிக் திண்டுக்கல்லில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். நவீனத் தூண்டில்காரர். பிளாஸ்டிக்கில் செய்த தவளை, தகரத்தில் செய்த குஞ்சு என்று பெட்டி நிறைய வைத்திருப்பார். கண்மாய் கண்மாயாக பைக்கில் போவார். வாளை பிடித்துத் தருகிறேன் அக்கா, ஒன்றும் தர வேண்டாம், பிடித்தால் போதும் என்று அவர் வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருட்டியதும் லைட்டுக்குக் கீழே நின்று, வெளிச்சம் முடிகிற கோட்டுக்குச் சரியாக எறிந்தார். முதல் எறியில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டாவதை யாழினி பயந்துகொண்டே தொட்டுப் பார்த்தாள். மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். சாதிக் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். மற்ற கண்மாய்களில் விடிய விடிய நின்றாலும் ஒன்றுதான் கிடைக்குமாம். வாளை எந்தப் பக்கம் இரை தேடுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி ராத்திரி போய்விடுமாம். இங்கே அந்த வேலையே இல்லை என்றார். ஏன் இல்லை என்று கேட்டேன். நான் தெரிந்துகொண்டேதான் செய்கிறேன் என்று நினைத்து, பாராட்டாகத்தான் சொன்னார், பாவம்:

"நீங்கதான்க்கா லைட்டப் போட்டுப் பூச்சிய வரவச்சு, பூச்சிக்குக் குஞ்ச வரவச்சு, வாளைக்கு டெய்லி பந்தி போட்டு உக்கார வச்சிருக்கீங்களே, அப்புறம் நான் எதுக்குத் தேடணும்?"

கரண்ட் போன அன்று

டீ டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சும்மா நின்றேன். எட்டாம் வகுப்பில் உணவுச் சங்கிலி சார்ட் வரைந்து முதல் பரிசு வாங்கியவள் நான். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. அம்புக்குறி எல்லாம் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். சிஸ்டர் அதை ஆபீஸ் ரூம் வாசலில் மாட்டினார்கள். அதே சார்ட் மூன்று வாரமாக என் வாசலில் தினமும் ஏழு மணிக்கு நடந்திருக்கிறது. அதற்குச் சுவிட்சு போட்டதும் நான்தான். நம்ப மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. யாழினியை மடியில் போட்டுக்கொண்டு காது கொடுத்தேன். எங்கோ தூரத்தில், கோரைக்குள், ஒரு அறை. செத்த நேரம் கழித்து இன்னொன்று. வாசலுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது, லைட் எரிந்தது, அரை மணி நேரத்தில் பந்தி ஆரம்பித்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும், அணைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அணைக்கவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய். லைட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேலே பழைய சேலையைக் கட்டிப் பார்த்தேன். பத்து மணிவரை அணைத்து வைப்பேன். எங்காவது ஒரு மயில் கத்தினால் போதும், கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவை அதைப் போடும்போதும் இத்தனை குஞ்சு போச்சு என்று தெரிந்தே போட்டேன். செல்வத்திடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பின்னால் லாரி ஹார்ன் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னார்:

"மீனு போனாப் போகுது, நீ லைட்ட அணைக்காத, நீ பயப்படாம இருந்தாப் போதும்."

யாழினி

அந்தப் பதில் எனக்குச் சம்மதமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மீன் போனால் போவது அவர் தலையில்தான் விடியும். அவர் அதைத் தெரிந்தே சொன்னார், நானும் அதைத் தெரிந்தே கேட்டுக்கொண்டு, லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை தானாகப் பக்கத்தில் தடவியது. பாய் மட்டும் இருந்தது. திறந்திருந்த கதவுக்கு வெளியே, அந்த வெள்ளை வெளிச்சத்தில், என் மகள் தண்ணீரில் இருந்து இரண்டு முழத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் குஞ்சுகள் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் சுழித்தது. நான் கத்தவில்லை, கத்தினால் திரும்பிப் பார்த்து முன்னால் நகர்ந்துவிடுவாள் என்று எப்படியோ தோன்றியது. போய், பின்னால் இருந்து தூக்கினேன். அவளுக்கு என் அவசரம் புரியவில்லை. கையைத் திறந்து காட்டி, ரகசியம் போலச் சொன்னாள்:

"அம்மா, மீனு நம்ம வீட்டுக்கு வருது."

கடைசி வெளிச்சம்

அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று விடியும்வரை யோசித்தேன். துணியைக்கூடப் பையில் எடுத்து வைத்தேன். விடிந்ததும் பையில் இருந்ததை எடுத்துத் திரும்ப அடுக்கிவிட்டு, செல்வத்துக்குப் போன் செய்து, சனிக்கிழமை லோடு எடுக்க வேண்டாம், பெரிய கண் வைத்து தங்கூசி நரம்பில் பின்னிய வலை வேண்டும் என்றேன். பெரிய கண் என்றால் குஞ்சுகள் நுழைந்து போய்விடும், வாளை தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். பந்திக்கு ஆள் தினமும் தவறாமல் வருகிறது என்றால், இலை போடுகிற இடத்திலேயே பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். எத்தனை அடி நீளம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். இதை நானா சொல்கிறேன் என்று யோசித்திருப்பார்.

சனிக்கிழமை பொழுது சாய, லைட்டின் வெளிச்சம் முடிகிற கோட்டில் அரை வட்டமாக வலையைக் கட்டினோம். செல்வமும் சாதிக்கும் மார்பளவுத் தண்ணீரில். நானும் பாண்டியம்மா அக்காவும் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. யாழினியை அக்காவின் மகள் தன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தாள். இருட்டியதும் சுவிட்சைப் போட்டேன். பூச்சி வந்தது, குஞ்சு வந்தது, வாளை வந்தது. கயிறு கையை அறுக்கிற மாதிரி இழுத்தது. விடியும்போது கரையில் பதினான்கு கிடந்தன, இரண்டு என் மகளைவிட நீளம். ஞாயிறு விற்பனைக்கு வத்தலக்குண்டில் இருந்து வந்த ஓட்டல் மாஸ்டர் அத்தனையையும் மொத்தமாக எடுத்துக்கொண்டார். கதையைக் கேட்டுவிட்டு, பெரியதின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இம்புட்டும் உங்க குஞ்சத் தின்னு வளந்ததா? அப்ப இது கண்மாய் மீனில்லம்மா, நீங்க வீட்ல ஊட்டி வளத்த மீனு."

சாம்பிள் வலை

அன்று சாயங்காலம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் நானே லைட்டின் ஃபியூஸைப் பிடுங்கி, செல்வத்தின் சட்டைப் பையில் போட்டு லாரிக்கு அனுப்பிவிட்டேன். என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் போட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். முதல் ராத்திரி, சாத்தினால் வெளியே எதுவும் தெரியாது என்று கதவைத் திறந்தே வைத்து, குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் நானே உட்கார்ந்துகொண்டேன். மகள் வெளியே போக முடியாது. நானும் உள்ளே போக முடியாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிறுமலைப் பக்கம் ஒரு கறுப்பு, தண்ணீர் ஒரு கறுப்பு, கரை ஒரு கறுப்பு. ஐந்தாம் நாள் எது எது என்று பிரித்துப் பார்க்க வந்துவிட்டது. பயம் குறையவில்லை. பழகியது, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, இன்று காலை, எத்தனை பிழைத்திருக்கிறது என்று சாம்பிள் பார்க்க அக்காவும் நானும் வீச்சு வலை போட்டோம். எட்டு இடத்தில் வீசினோம். முதல் இரண்டு வீச்சில் ஒன்றும் இல்லை. நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வீச்சில் வலை கனத்து வந்தது. உள்ளே கட்லா, என் கையகலம், தலை பெருத்து, செதில் மின்ன. அதற்குப் பிறகு வீசிய ஒரு வீச்சும் வெறுமனே வரவில்லை. செல்வம் போனில் எவ்வளவு பெரிசு, எவ்வளவு பெரிசு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போட்டோ எடுக்க மறந்து கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், போனில். பாண்டியம்மா அக்கா ஒவ்வொரு மீனாக எடுத்துத் தண்ணீரில் திரும்ப விட்டார். கடைசி மீனை விட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வாளைக்குத் தப்பிச்சது பெருசில்ல தாயி, உன் பயத்துக்குத் தப்பிச்சிருக்கு பாரு இம்புட்டும்."

செல்வம் இப்போது பாலக்காடு தாண்டியிருப்பார். யாழினி தூங்கிவிட்டாள். கரையில் இருட்டு முழுசாக இருக்கிறது. கோரைக்குள் ஏதோ ஒன்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாற்காலியை எடுத்து மூலையில் போட்டேன். இத்தனை நாள் தொடாத தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, குழவிக்கல்லால் இரண்டு தட்டுத் தட்டினேன், நகர்ந்தது. ஆக, சக குத்தகைக்காரர்களே, இந்தத் தொழிலில் நான் படித்த ஒரே பாடம், மீனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வெளியே விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகப் பயப்பட வேண்டும் என்பதுதான்.